பேருந்தா, மெட்ரோவா?

பெருநகரத்தில் தினமும் வேலைக்குப் போய்வர இரண்டும் இருந்தால், நான் மெட்ரோவைத்தான் சொல்வேன். வேகம்கூட இரண்டாவது காரணம்தான். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம், அதுதான் பெரிய நிம்மதி. தனிப் பாதை, தனி சிக்னல். 1863இல் லண்டனில் முதல் சுரங்க ரயிலை விட்டதே தெரு நெரிசலுக்கு வழி தேடித்தான்.

பேருந்து அந்த நெரிசலிலேயே ஓட வேண்டும். ஒரு வண்டி கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். எல்லாரும் ஏறி முடிப்பதற்குள் இன்னும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கோ ஆள் குறைவு, சீக்கிரமே முன்னதை எட்டிப் பிடித்துவிடும். நெடுநேரம் ஒன்றுமே வராமல், அப்புறம் ஒரே எண்ணில் இரண்டு சேர்ந்து வருவது இதனால்தான். பாவம், ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. முன்னது பிதுங்கி வழியும், பின்னதில் உட்கார இடமிருக்கும். நான் பின்னதில்தான் ஏறுவேன்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பேருந்துதான் சரி. சுரங்க நிலையத்தில் லிஃப்ட் பழுதானால் அத்தனை படியும் ஏற வேண்டும்.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களும் முதல் சில வாரம் பேருந்திலேயே போகலாம். எந்தத் தெரு எங்கே போய் முட்டுகிறது என்பது ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால்தான் பிடிபடும்.