தோட்டாக் கூட்டில் ஒட்டிய லூப் (மசகு) போக்க குருணையா, தண்ணீரா?

சுட்டு முடித்த .308 ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்ப, அவற்றைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சான சைஸிங் டையில் ஏற்றி இறக்கியதும், அதற்காகத் தடவிய லானோலின் (கம்பளி மெழுகு) பிசுக்கு மேலே ஒட்டியிருக்கும். அதோடு சுட்டால் கூடு சேம்பர் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) சுவரைப் பிடிக்காமல் வழுக்கும். அந்த உதையையும் சேர்த்து, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்தான் தாங்க வேண்டும். ஆகவே துடைத்தே ஆகணும்.

இரண்டு வருடம் தண்ணீர் டம்ளர் ஓட்டினேன் (காபி டம்ளர் இல்லைங்க, உருளும் பீப்பாய்). இப்போது அது பரணில். மக்காச்சோளச் சக்கையை நொறுக்கிய குருணை போட்ட அதிரும் கிண்ணத்துக்கு மாறிவிட்டேன்.

பளபளப்பில் தண்ணீரை அடிக்க ஆளில்லை. எஃகு ஊசிகள், பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் சிட்ரிக் அமிலம் போட்டால் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் பொந்துகூட மின்னும். ஈயத் தூசியும் பறக்காது. இதில் குருணை தோற்றதுதான். மூடி போட்டு, மாஸ்க் கட்டி, கராஜ் கதவைத் திறந்துவைத்தே ஓட்டுகிறேன்.

ஆனால் காயவைக்கும் பாடு இருக்கிறதே! கழுத்து குறுகிய கூடு, உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியே வராது. துண்டில் உருட்டி, கவிழ்த்துவைத்து, ஓர் இரவு காத்திருந்தும் ஒருமுறை நாலைந்து கூடுகளின் அடியில் ஈரம். மருந்து போடுமுன் டார்ச் அடித்துப் பார்த்ததால் தப்பித்தேன். ஈயம் பட்ட சாமானைச் சமையலறை ஓவனில் வைக்கவும் மனம் வராது. இதுபோக, ஊசி எதுவும் உள்ளே சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு கூடாகத் தட்டிப் பார்க்கணும். கழுத்தின் உட்புறக் கரியும் போய்விடுவதால் புல்லட் இறங்கும்போது இறுக்கிப் பிடிக்கிறது.

குருணையில் இந்தத் தொல்லை இல்லை. அரை மணி, முக்கால் மணியில் பிசுக்கு போய்விடும், அன்றைக்கே மருந்து போடலாம். பருத்த குருணை பிரைமர் பக்கத்துத் துளையில் அடைத்துக்கொள்ளும். 20/40 சல்லடை அளவுப் பொடிக் குருணை வாங்கினால் உதிர்ந்துவிடும். எண்ணெய் குடித்துக் குடித்து நிறம் கறுத்தால் மாற்றிவிடுங்கள்.

பளபளப்புக்கு ஆசைப்பட்டு அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் ஊற்றாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தானாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921இல்தான் தெளிவானது.

ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியை நண்பர் வீட்டில் ஒரே ஒருமுறை பார்த்ததோடு சரி, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். இருபது கூடுதான் என்றால் எந்த மெஷினும் வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பழைய பனியன் துணி போதும்.