சொந்தப் பாட்டுக்குத் தாளம் எழுத எது ஏற்றது? நான்கு விளையாட்டுகள், ஓர் ஒப்பீடு

பாட்டின் தாளத்துக்கு ஏற்பத் தட்டி ஆடும் வீடியோ விளையாட்டுகளோடு வரும் பாடல் பட்டியலில் நம் மனத்துக்கு நெருக்கமான பாட்டு அநேகமாக இருக்காது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள ரசிகர்கள் கண்ட வழி, ஒலிக்கோப்பைத் தாங்களே கொடுத்து, எங்கே தட்ட வேண்டும், எங்கே அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதையும் தாங்களே எழுதிக்கொள்வது. இப்படி எழுதுவதைச் சிலர் சார்ட் என்பார்கள், சிலர் மேப் என்பார்கள். வேலை ஒன்றுதான்: பாட்டை உன்னிப்பாகக் கேட்டு, கேட்டதை விரலுக்கோ காலுக்கோ தோளுக்கோ மாற்றித் தருவது.

இதற்கு இன்று முக்கியமான களங்களாக நான் கருதுபவை காலால் மிதித்து ஆடும் ஸ்டெப்மேனியா, திரையில் தோன்றும் வட்டங்களைத் தட்டும் ஓசு, பிளாஸ்டிக் கிட்டாரில் ஆடும் குளோன் ஹீரோ, வி.ஆர். ஹெட்செட் அணிந்து கனசதுரங்களை வெட்டும் பீட் சேபர். விளையாடுகிறவருக்கு எது பிடிக்கும் என்பது அவரவர் ரசனை. எழுதுகிறவருக்கு எது துணைநிற்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சார்ட்டை ஸ்டெப்மேனியாவில் எழுதுங்கள். முன்பின் தெரியாதவர்களும் உங்கள் மேப்பை ஆட வேண்டும் என்ற ஆசை வந்தால் ஓசுவுக்குப் போங்கள். காதைத் தீட்டிக்கொள்ள குளோன் ஹீரோவுக்கு ஈடில்லை. பீட் சேபரில் கிடைக்கும் உடல் மகிழ்ச்சி மற்ற மூன்றிலும் கிடையாது. ஆனாலும் எழுதுகிறவருக்கு அதை நான்காவதாகத்தான் வைப்பேன்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998-இல் ஆர்கேடு விளையாட்டுக்கூடங்களில் இறக்கிய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனைக் கணினியில் ஆடுவதற்காக 2001-இல் உருவான திறமூல மென்பொருள் ஸ்டெப்மேனியா. ஓசுவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டீன் ஹெர்பர்ட் 2007-இல் வெளியிட்டார். நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு 2005-இல் வந்த ஒரு ஜப்பானிய விளையாட்டுதான் அதற்குத் தூண்டுதல். கிட்டார் வடிவக் கருவியில் ஆடும் கிட்டார் ஹீரோ வரிசையை ஆக்டிவிஷன் 2011-இல் நிறுத்தியபோது பல வீடுகளில் பிளாஸ்டிக் கிட்டார்கள் வேலையின்றிக் கிடந்தன. அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது இலவசமாகக் கிடைக்கும் குளோன் ஹீரோ. பீட் சேபர் செக் நாட்டின் பிராக் நகரத்துப் படைப்பு. 2018 மே மாதம் வந்தது, அடுத்த ஆண்டே அதை உருவாக்கிய நிறுவனத்தை ஃபேஸ்புக் வாங்கிவிட்டது.

நேரக் கணக்கு

புதிதாக எழுத வருகிறவர்கள் நோட்டுகளை, அதாவது தட்ட வேண்டிய குறிகளை, எங்கே வைப்பது என்றுதான் கவலைப்படுகிறார்கள். அதற்கு முன்பே வெற்றியும் தோல்வியும் முடிவாகிவிடுகின்றன. பாட்டின் முதல் தட்டு எத்தனையாவது மில்லி நொடியில் விழுகிறது, நிமிடத்துக்கு எத்தனை பீட் (பி.பி.எம்.) ஓடுகிறது என்ற இரண்டும் சரியாக இல்லாவிட்டால் பிறகு செய்யும் எந்த அலங்காரமும் எடுபடாது. 120 பி.பி.எம். வேகப் பாட்டுக்கு 120.1 என்று கொடுத்துவிட்டால் தொடக்கத்தில் எதுவும் தெரியாது. நான்காவது நிமிட முடிவில் சார்ட் 0.2 நொடி விலகி நிற்கும். அந்த வேகத்தில் ஒரு பீட்டின் கால் பங்கே 0.125 நொடிதான், ஆக, கால் பீட்டுக்கும் அதிகமான பிசகு.

நான்கு விளையாட்டுகளும் உண்மையில் பிரிவது இந்த இடத்தில்தான். ஸ்டெப்மேனியாவும் குளோன் ஹீரோவும் பீட் சேபரும் நோட்டை ‘இத்தனையாவது பீட்’ என்று பதிந்துகொள்கின்றன. ஓசு ‘இத்தனையாவது மில்லி நொடி’ என்று பதிகிறது. சின்ன வேறுபாடுபோலத் தெரியும், விளைவு பெரிது. முதல் மூன்றிலும் பாதி வேலை முடிந்தபின் வேகத்தைத் திருத்தினால் நோட்டுகள் பின்னாலேயே நகர்ந்து வந்துவிடும். ஓசுவில், நோட்டுகளையும் சேர்த்து நகர்த்தும் தேர்வை இயக்காவிட்டால், அவை இருந்த இடத்திலேயே நிற்கும், பீட்டைக் காட்டும் கோடுகள் மட்டும் நகரும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி கோட்டில் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். அதனால் ஓசுவில் எழுதுகிறவர்கள் நேரக் கணக்கை முடிக்காமல் ஒரு வட்டம்கூட வைக்கக் கூடாது. அதற்கு ஈடாக ஓசுவின் நேரக் கணக்குப் பகுதி மிகத் துல்லியமானது. மெட்ரோனோம் ஒலியைப் பாட்டோடு சேர்த்துக் கேட்கலாம், வேகத்தைக் குறைத்து ஓடவிடலாம். சிவப்புக் கோடு பாட்டின் வேகத்தை மாற்றும், பச்சைக் கோடு ஸ்லைடரின் (அழுத்திப் பிடித்தபடி பின்தொடர வேண்டிய பாதை) ஓட்டம், ஒலியளவு போன்றவற்றை மட்டும் மாற்றும் என்று இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கணினியில் அமைத்த பாட்டுக்கு ஒரே வேகம் போதும். வாத்தியக் குழு மொத்தமும் கூடியிருந்து வாசித்துப் பதிவான பழைய திரைப்பாடல்கள் அப்படி ஓடாது. பல்லவியில் ஒரு வேகம், சரணத்துக்குள் நுழையும்போது லேசான தளர்வு, தபேலா உருட்டலில் ஓர் அவசரம் என்று மனிதக் கைகள் வாசித்ததன் அடையாளம் முழுக்க இருக்கும். இத்தகைய பாட்டுக்கு ஓரிரு பாருக்கு (பார் என்பது பொதுவாக நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று) ஒருமுறை வேகத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். குளோன் ஹீரோவுக்கு எழுதப் பயன்படும் மூன்ஸ்கிரேப்பர் எடிட்டர் இதில் கைகொடுக்கிறது: ஒரு பி.பி.எம். குறியைப் பாட்டின் குறிப்பிட்ட கணத்தோடு பூட்டிவிட்டால், முந்தைய குறியை மாற்றினாலும் அது நகராது. பழைய பாட்டுகளை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இந்த ஒரு வசதிக்காகவே அதைப் பழகலாம்.

நம் இசைக்கே உரிய இன்னொரு சோதனையும் உண்டு. சதுஸ்ர நடையும் (ஒரு தட்டுக்கு நான்கு) திஸ்ர நடையும் (ஒரு தட்டுக்கு மூன்று) நான்கு விளையாட்டுகளிலும் சுத்தமாக உட்காரும். கண்ட நடை, அதாவது ஒரு தட்டுக்கு ஐந்து, அப்படி உட்காராது. ஸ்டெப்மேனியா ஒரு பீட்டை உள்ளுக்குள் 48 பாகங்களாகப் பிரிக்கிறது; 48 ஐந்தால் வகுபடாது. குளோன் ஹீரோவின் வழக்கமான சார்ட் கோப்பு ஒரு பீட்டுக்கு 192 பாகம், அதுவும் வகுபடாது. மிடி என்ற இசைக் கோப்பு வடிவத்தில் 480 பாகங்களாக எழுதினால் கண்டம் கச்சிதமாக வரும், மிஸ்ரத்தின் ஏழு வராது. ஓசு எடிட்டரில் ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என்ற பிரிவுகள் இருப்பதால் கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் மூன்றையும் நேரடியாக எழுதலாம். பீட் சேபர் கோப்பில் பீட் எண்ணைப் புள்ளி வைத்தே எழுதலாம் என்பதால் அங்கும் தடையில்லை.

இதனால் ஸ்டெப்மேனியாவைத் தள்ளிவிட வேண்டுமா? வேண்டாம். 120 பி.பி.எம். பாட்டில் 48-இல் ஒரு பாகம் என்பது பத்து மில்லி நொடி அளவுதான். பக்கத்துக் கோட்டுக்குத் தள்ளினால் வரும் பிழை அதிகபட்சம் ஐந்து மில்லி நொடி. ஸ்டெப்மேனியாவின் மிகக் கறாரான மதிப்பெண்ணுக்கே முன்னும் பின்னும் 22.5 மில்லி நொடி இடம் தருகிறார்கள். ஆடும் காலுக்கு அந்தப் பிழை எட்டவே எட்டாது.

ஒலிக்கோப்பு பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எம்பி3 ஆக மாற்றும்போது பாட்டின் தலையில் சிறிதளவு மௌனம் சேர்ந்துவிடுகிறது. எம்பி3-யில் கணக்கிட்ட தொடக்க நேரம், அதே பாட்டின் ஆக் (OGG) வடிவத்தில் பொருந்தாமல் போகலாம். பீட் சேபர் ஆக் வடிவத்தைத்தான் கேட்கிறது. மற்றவை இரண்டையும் ஏற்கும். எந்த வடிவத்தில் வெளியிடப் போகிறீர்களோ அதில் மாற்றியபிறகே நேரக் கணக்கைத் தொடங்குங்கள். ஒலி தாமதமாக வரும் புளூடூத் ஹெட்போனை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

கோப்பைத் திறந்தால்

ஸ்டெப்மேனியாவை முதலில் பரிந்துரைக்க முக்கியமான காரணம் அதன் கோப்பு. நோட்பேடில் திறந்தால் இப்படி இருக்கும்:

1000
0100
0010
0001

நான்கு வரிகள், ஒரு பாரின் நான்கு பீட்டுகள். ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள்: இடது, கீழ், மேல், வலது. 1 என்றால் மிதிக்க வேண்டும், 0 என்றால் சும்மா இருக்க வேண்டும். 2 அழுத்திப் பிடிக்கும் இடம், 3 விடும் இடம். ஒரு பாருக்கு எட்டு வரி எழுதினால் அரைத் தட்டு, பதினாறு எழுதினால் கால் தட்டு. தாளத்தைக் கண்ணால் படிக்க இதைவிட எளிய வடிவத்தை நான் பார்த்ததில்லை. பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இருபது ஆண்டுக்கு முந்தைய கோப்புகளும் இன்றும் திறக்கின்றன. மூல மென்பொருளின் வளர்ச்சி மெதுவாகிவிட்டபோதும் புராஜெக்ட் அவுட்ஃபாக்ஸ், ஐடிஜிமேனியா என்ற கிளைகள் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. எழுதியது வீணாகாது என்ற நிம்மதி எழுதுகிறவருக்குப் பெரிய விஷயம்.

ஓசுவின் கோப்பும் வெறும் எழுத்துதான். 512-க்கு 384 என்ற களத்தில் வட்டத்தின் இடமும் நேரமும் ஒரே வரியில் இருக்கும்: 256,192,11000 என்று தொடங்கினால் பதினோராவது நொடியில் களத்தின் நட்டநடுவே ஒரு வட்டம். ஆனால் பார்த்தவுடன் தாளம் புலப்படாது. பீட் சேபரில் ஒரு கனசதுரத்துக்கு நெடுவரிசை, அடுக்கு, நிறம், வெட்டும் திசை என்று எண்கள் நிரம்பியிருக்கும். எடிட்டர் இல்லாமல் படிப்பது சிரமம்.

என்ன எழுதுகிறோம்?

ஸ்டெப்மேனியாவில் நீங்கள் எழுதுவது இரண்டு கால்களுக்கான நடனம். இடது, வலது என்று மாறி மாறி மிதிக்கும்படி ஓட்டம் அமைய வேண்டும். கீபோர்டில் ஆடிப் பார்த்து எழுதிய சார்ட், காலால் மிதிக்கும் டான்ஸ் பேடில் ஏறி நின்றால் காலைப் பின்னிவிடும்.

ஓசுவில் நேரத்தோடு இடமும் சேர்கிறது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது வட்டங்களுக்கு இடையே தூரம் கூடும், மெலிதாகும்போது குறையும். இழைந்து நீளும் குரலுக்கு வளைந்த ஸ்லைடர் அமைக்கலாம். நான்கிலும் அதிகக் கற்பனைக்கு இடமிருப்பது இங்கேதான். பாட்டில் இல்லாத ஒலிக்கு வட்டம் வைத்துவிட்டு அழகாக இருக்கிறது என்று சமாதானம் சொல்லும் பழக்கம் தொற்றுவதும் இங்கேதான்.

அந்தச் சலுகையைக் குளோன் ஹீரோ தருவதில்லை. கிட்டார் எதை வாசிக்கிறதோ அதையே எழுத வேண்டும். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்தே பொத்தான்கள். கிட்டாரிலோ அதைப்போலப் பல மடங்கு ஸ்வரங்கள். ஸ்வரம் ஏறினால் கை ஆரஞ்சு நோக்கிப் போக வேண்டும், இறங்கினால் பச்சை நோக்கி வர வேண்டும். இடம் போதாதபோது எங்கே மடக்கித் திரும்புவது என்பதில்தான் எழுதுகிறவரின் திறமை இருக்கிறது. இதற்காக ஒரே நான்கு நொடியைப் பாதி வேகத்தில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அதுவரை காதில் விழாமலே இருந்த பேஸ் கிட்டாரின் நகர்வு அப்போது தெரியவரும். கிட்டார் தடம் தனிக் கோப்பாகக் கிடைத்தால் இன்னும் சிறப்பு: தவறவிட்ட கணத்தில் கிட்டார் ஒலி அடங்கி, சரியாக வாசித்ததும் திரும்பி வரும். கலந்த ஒரே கோப்பில் இந்த அனுபவம் கிடைக்காது.

பீட் சேபரில் எழுதுகிறவர் மனத்தில் வைக்க வேண்டியது கையின் நிலை. கீழ்நோக்கி வெட்டிய கை கீழேதான் இருக்கிறது, அடுத்த வெட்டு மேல்நோக்கி வர வேண்டும். இதை மறந்து தொடர்ந்து இரண்டு முறை கீழே வெட்டச் சொன்னால் ஆடுகிறவர் வெறும் காற்றில் கையைத் தூக்க நேரும், ஓட்டம் அறுந்துவிடும். களம் நான்கு நெடுவரிசை, மூன்று அடுக்கு. நடு அடுக்கில் உள்ளே இருக்கும் இரண்டு இடங்களும் முகத்துக்கு நேரே வருவதால், அங்கே வைக்கும் கனசதுரம் பின்னால் வருபவற்றை மறைத்துவிடும். இந்த இரண்டு விதிகளையும் மதித்து எழுதிய மேப்பை ஆடும்போது உடம்பு முழுக்கப் பாட்டுக்குள் போய்விடுகிறது.

பாட்டைக் கொடுத்தாலே பீட் சேபர் மேப்பை எழுதித் தரும் பீட் சேஜ் போன்ற தானியங்கிகளும் வந்துவிட்டன. ஒலி எங்கே எழுகிறது என்பதை அவை பிடித்துவிடுகின்றன. பல்லவி இரண்டாம் முறை வரும்போது முதல் முறையின் அசைவை நினைவூட்ட வேண்டும் என்பதெல்லாம் அவற்றுக்குப் பிடிபடுவதில்லை.

எழுதி முடித்த பிறகு

ஓசுவில் மேப்பை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பிற எழுத்தாளர்கள் வந்து நோட் நோட்டாகக் குறை சொல்வார்கள். மேப்பைப் பரிந்துரைக்கும் பொறுப்பில் உள்ள இரண்டு நாமினேட்டர்கள் ஒப்புக்கொண்டு, பிறகு ஒரு வாரம் அளவுக்குக் காத்திருந்து, பிழை எதுவும் எழாவிட்டால்தான் ரேங்க் என்ற அதிகாரப்பூர்வ ஏற்பு கிடைக்கும். ஆடுகிறவர்களின் தரவரிசைப் புள்ளி ரேங்க் பெற்ற மேப்புகளுக்கே உண்டு என்பதால் கூட்டமும் அங்கேதான் போகிறது. சின்னப் பாட்டுக்குக் கடின நிலை ஒன்றை மட்டும் எழுதிவிட்டு ரேங்க் கேட்க முடியாது. எளிய நிலையிலிருந்து படிப்படியாக எழுத வேண்டும். கெடுபிடிதான். ஆனால் முகம் தெரியாத ஒருவர் உங்கள் எட்டாவது நொடியை எடுத்து வைத்துக்கொண்டு அக்கறையோடு பேசும் இடம் மற்ற மூன்றிலும் இவ்வளவு ஒழுங்காக அமையவில்லை.

பீட்சேவர் தளத்தில் யார் வேண்டுமானாலும் பீட் சேபர் மேப்பை ஏற்றலாம். சிக்கல் ஆடும் பக்கத்தில் இருக்கிறது. வி.ஆர். ஹெட்செட்டின் விலை ஒருபுறம். அதிகாரப்பூர்வ எடிட்டர் கணினிப் பதிப்புக்கு 2019-இல் வந்துவிட்டாலும், தளத்திலிருந்து பாடல்களை எளிதாக இறக்கி ஆடுவதற்கும், குவெஸ்ட் ஹெட்செட்டில் சொந்தப் பாட்டு ஓடுவதற்கும் ரசிகர்கள் எழுதிய மாட்களைத்தான் (விளையாட்டை மாற்றியமைக்கும் துணை மென்பொருள்கள்) நம்ப வேண்டியிருக்கிறது. விளையாட்டுக்கு அப்டேட் வந்தால் மாட் வேலை செய்யாமல் போகிறது. அதற்காகவே பலர் பழைய பதிப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். பிளேஸ்டேஷனில் சொந்தப் பாட்டுக்கு வழியே இல்லை. நான் அதை நான்காவதாக வைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டெப்மேனியாவிலும் குளோன் ஹீரோவிலும் பாட்டுக்கொரு கோப்புறை, அதைப் பாடல்கள் இருக்கும் இடத்தில் போட்டால் போதும். குளோன் ஹீரோவைக் கீபோர்டிலும் ஆடலாம் என்றாலும் அதன் சுவை கிட்டாரில்தான். பழைய கிட்டார்கள் பெரும்பாலும் இரண்டாம் கைச் சந்தையில்தான் கிடைக்கின்றன, விலையும் ஏறிவிட்டது.

உரிமை விஷயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. நீங்கள் எழுதிய சார்ட் உங்களுடையது, பாட்டு உங்களுடையதன்று. ஒலிக்கோப்போடு சேர்த்துப் பொதுவில் பகிர்ந்தால் உரிமையாளர் நீக்கச் சொல்லலாம், நீக்கித்தான் ஆக வேண்டும். ராக் பேண்ட் விளையாட்டு 2010-இல் தொடங்கிய நெட்வொர்க்கில் இசைக்குழுக்களே தங்கள் பாட்டுக்கு எழுதி விற்க முடிந்தது. நல்ல ஏற்பாடு, நிலைக்கவில்லை. இப்போதைக்கு இதில் ஒழுங்கான வழி வைத்திருப்பது ஓசு. இசைக்கலைஞர்களோடு ஒப்பந்தம் செய்து, அவர்கள் பாட்டுகளுக்கு எவரும் மேப் எழுதலாம் என்று ஒரு பட்டியலையே வைத்திருக்கிறது.

முதல் முயற்சிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத, மின்னணுத் தாளம் ஓடும் பாட்டாக எடுங்கள். ஒலிக்கோப்பை முதலில் மாற்றிக்கொண்டு, வேகத்தைப் பாட்டின் கடைசிப் பத்து நொடியில் வைத்துச் சோதியுங்கள். அங்கே பொருந்தினால் நடுவிலும் பொருந்தும். பாருக்கு நான்கு வரி மட்டும் வைத்து முழுப் பாட்டையும் எழுதி முடியுங்கள். எட்டு வரிக்கும் பதினாறு வரிக்கும் அதன்பிறகு போகலாம்.