களிமண்ணில் தடுப்புச் சுவர்: பிரிசமா, இன்கிளினோமீட்டரா, பீசோமீட்டரா?

தடுப்புச் சுவர் கட்டிக் களிமண்ணைத் தோண்டும்போது கண்காணிப்பு என்று பேச்சு வந்தால் முதலில் வாங்கப்படுவது பிரிசம்தான், அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் குறி. சுவரின் தலையில் நாலைந்து ஒட்டிவிட்டு டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) பார்த்தால் ஓரிரு மில்லிமீட்டர் துல்லியத்தில் நகர்வு தெரிந்துவிடும், செலவும் அதிகமில்லை. முட்டு எதுவும் இல்லாத கான்டிலிவர் சுவருக்கு இது பெரும்பாலும் போதும், அதில் அதிகம் சாய்வது தலைதானே. மேலே ஸ்ட்ரட்டோ (பள்ளத்தின் குறுக்கே முட்டுக் கொடுக்கும் உத்திரம்) ஆங்கரோ (பின்னால் மண்ணுக்குள் இழுத்துக் கட்டும் கம்பி) போட்ட சுவரில் கதை வேறு. தலை அப்படியே நிற்கும், வயிறு தள்ளும், அதுவும் தோண்டிய மட்டத்தை ஒட்டி, மென்களிமண்ணாக இருந்தால் அதற்கும் கீழே. பிரிசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது கடைசிவரை தெரியாது.

அதனால் முட்டுக் கொடுத்த சுவருக்கு என் ஓட்டு, ஆழத்துக்கு ஆழம் சாய்வை அளக்கும் இன்கிளினோமீட்டருக்கு. சுவருக்குள்ளேயோ அதை ஒட்டிய மண்ணிலோ, உள்ளே நான்கு தடங்கள் வெட்டிய குழாயை இறக்கி வைத்திருப்பார்கள். சக்கரம் வைத்த ப்ரோபை (சாய்வை உணரும் கருவி) அடிவரை விட்டு, அங்குள்ள வெப்பநிலைக்கு அது பழகும்வரை சற்றுப் பொறுத்து, பிறகு அரை மீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தி அளவெடுத்துக்கொண்டே மேலே வர வேண்டும். வந்ததும் ப்ரோபை 180 டிகிரி திருப்பி இன்னொரு தடவை. ஒரே ஆழத்தின் இரண்டு அளவுகளையும் கூட்டினால் எல்லா ஆழத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் துள்ளினால் சக்கரம் குழாய் மூட்டில் உட்கார்ந்திருக்கிறது, அல்லது தடத்தில் சேறு. மறுபடி எடுங்கள்.

இதன் பெரிய பலவீனம், குழாயின் அடி நகரவில்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே போடப்படுகிறது. குழாய் சுவரின் அடியோடு நின்றுவிட்டு, அந்த அடியே பள்ளத்தை நோக்கி உதைத்துக்கொண்டு போனால், தலை பின்னோக்கிப் போவதுபோல ஒரு விசித்திரப் படம் வரும். கெட்டியான அடுக்குக்குள் சில மீட்டர் இறக்க வேண்டும், முடியாவிட்டால் குழாயின் தலையில் ஒரு பிரிசம் வைத்து அங்கிருந்து திருத்த வேண்டும். (ஆக, போட்டியாளர்கள் இருவரும் கடைசியில் கூட்டாளிகள்.) குழாய்க்குள்ளேயே நிரந்தரமாகக் கிடக்கும் சென்சார் சங்கிலி சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவு தரும், இரவிலும் தரும், ஆனால் திருப்பிப் போட்டுச் சரிபார்க்கும் வசதி போய்விடும், விலையும் ஏறும். ஆபத்தான ஓரிரு இடங்களுக்கு மட்டும் அது.

அப்புறம் தண்ணீர். களிமண்ணில் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. தோண்டி எடை குறைந்ததும் பள்ளத்தின் அடியில் துளை நீரழுத்தம் (மண் துகள்களின் இடைவெளியில் இருக்கும் நீரின் அழுத்தம்) விழும், அதனால் மண் தற்காலிகமாக வலுவாக இருக்கும். பிறகு மெதுவாகத் தண்ணீரை இழுத்து, உப்பி, வலுவிழக்கும். லண்டன் களிமண்ணில் ரயில் பாதைக்காக வெட்டிய சரிவுகள் பல, பல பத்தாண்டுகள் கழித்துச் சரிந்ததற்குக் காரணம் இந்த மெதுவான சமநிலைதான். இதை எதில் அளப்பது? சாதாரண ஸ்டாண்ட்பைப், அதாவது மண்ணில் இறக்கி நீர்மட்டம் பார்க்கும் திறந்த குழாய், மலிவு, பழுதாக அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் 19 மில்லிமீட்டர் குழாயில் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏற சுமார் 280 மில்லிலிட்டர் தண்ணீர் உள்ளே வர வேண்டும், களிமண்ணோ அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் மட்டம் சில வாரங்களுக்கு முந்தைய செய்தியாக இருக்கலாம். அழுத்தம் வளிமண்டலத்துக்குக் கீழே போய்விட்டால் குழாய் வெறுமனே வற்றிக் கிடக்கும். அதிரும் கம்பியால் நீரழுத்தத்தை அளக்கும் வைப்ரேட்டிங் வயர் பீசோமீட்டருக்குத் துளியளவு தண்ணீர் நகர்ந்தாலே போதும், உடனே காட்டும், ஓரளவு உறிஞ்சலையும் (வளிமண்டலத்துக்குக் கீழான அழுத்தத்தையும்) காட்டும். இடி மின்னலுக்கு மட்டும் பயப்படும். தோண்டும்போது நான் இதைத்தான் எடுப்பேன், பக்கத்தில் நீண்டகாலத்துக்கென ஒரு ஸ்டாண்ட்பைப் இருந்தால் நல்லது.

மண் அழுத்த செல்களுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கெட்டிக் களிமண்ணில் குத்தி இறக்கும் தட்டை செல், இறக்கும்போதே மண்ணை நெருக்கிவிடுவதால், கூடுதலாகக் காட்டும். திருத்தமாக வடிகாலற்ற வெட்டு வலிமையில் (தண்ணீர் வெளியேற நேரமில்லாதபோது களிமண் சறுக்கலைத் தாங்கும் அளவு) ஏறக்குறைய பாதியைக் கழிப்பது வழக்கம். கழித்த பிறகு மீதியை எவ்வளவு நம்புவது? அந்தப் பணத்தில் ஸ்ட்ரட்டுக்கு, அதன் சுமையை அளக்கும் லோட் செல் வாங்கலாம்.

சுவருக்குப் பின்னால் தரை இறங்குவதை மேற்பரப்பில் அடித்த ஆணியில் பார்ப்பவர்கள், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் களிமண்ணைத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். அந்த மேலடுக்கைத் தாண்டி, உறை போட்டு ஆழத்தில் ஊன்றிய கம்பிதான் சரி. எந்தக் கருவியானாலும் தோண்டத் தொடங்குவதற்கு வெகு முன்பே அளவெடுக்கத் தொடங்குங்கள். ஒப்பிடும் நிலைப்புள்ளிகளை, மென்களிமண்ணில் தோண்டும் ஆழத்தைப்போல மூன்று மடங்குக்கும் அப்பால் வையுங்கள், இல்லாவிட்டால் அவையும் சேர்ந்தே இறங்கும்.

2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூர் நிக்கோல் ஹைவே பக்கத்தில் கடல் களிமண்ணில் சுமார் 30 மீட்டர் தோண்டிய பள்ளம் இடிந்து 4 பேர் இறந்தார்கள். அங்கே இன்கிளினோமீட்டர்கள் இருந்தன, சுவர் வளைவதையும் அவை காட்டின. அளவு எல்லையைத் தாண்டியபோது, கணக்கைத் திருத்தி எல்லையைத்தான் உயர்த்தினார்கள்.