சேத்தா, ஃபிரான்ஸா: முன்வரிசையில் யார் குதிரை?

மழை தொடங்கிவிட்டால் கொடைக்கானலில் ரூம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். கரண்ட் வேறு நினைத்த நேரத்தில் போகும். கையில் அடங்கும் கேம் கருவிக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. அப்படித்தான் இந்த முறையும் 'ஃபயர் எம்பளம்: தி சேக்ரட் ஸ்டோன்ஸ்' ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினேன். 2004-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த ஆட்டம். இன்றைக்கும் கண்ணை உறுத்தாது.

தொடங்கும்போதே ஒன்றை முடிவு செய்துவிட்டேன். சேத் என்கிற பாலடினை, அதாவது உயர்தரக் குதிரைவீரனை, கடைசி வரை முன்வரிசையில் வைப்பேன், ஃபிரான்ஸ் என்கிற பையனைப் பின்னால் வரவிடுவேன். இதைக் கேட்டதும் பூம்பாறையில் இருக்கிற என் அத்தை மகன் போனிலேயே சண்டைக்கு வந்தான். "மாப்ள, சேத்தை வச்சு ஆடுறதுக்கு நீ ஆட்டத்தையே பார்க்க வேணாம், படுத்துத் தூங்கு" என்றான். அவன் ஃபிரான்ஸ் கட்சி. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கட்டம் போட்ட மேப்பில் நம் ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்திச் சண்டை போட வேண்டும். செத்தவர் செத்தவர்தான், அடுத்த மேப்பில் திரும்பி வரமாட்டார். எதிரியை அடித்தால் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), நூறு சேர்ந்தால் ஒரு லெவல். லெவல் ஏறும்போது எந்த ஸ்டாட் (பலம், வேகம் மாதிரியான எண்) ஏறும் என்பது அதிர்ஷ்டம். ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் இத்தனை சதவீத வாய்ப்பு என்று ஆளுக்கு ஆள் எழுதி வைத்திருப்பார்கள்.

சேத் தொடக்கத்திலேயே, கதாநாயகி எய்ரிகாவோடு கூடவே வருகிறான். ஏற்கெனவே ப்ரமோட் ஆன, அதாவது மேல்தரத்துக்கு உயர்ந்த பாலடின், எட்டுக் கட்டம் நகர்வான், கையில் வெள்ளி ஈட்டி. ஃபிரான்ஸ் அடுத்த மேப்பில் கில்லியம் என்கிற கவசவீரனுடன் வந்து சேரும் முதல் லெவல் கவலியர் (சாதாரணக் குதிரைவீரன்), ஏழு கட்டம் நகர்வான். இருவரும் கத்தியும் ஈட்டியும் பிடிப்பார்கள். இருவருக்கும் குதிரைக்கொல்லி ஆயுதம் ஆகாது. காட்டுக் கட்டத்திலும் மணலிலும் இருவருமே திணறுவார்கள். செங்குத்தான மலைக் கட்டம் வந்தால் இருவருமே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். (வெள்ளகவிப் பாதையில் முதுகு நிறையச் சுமையோடு இறங்குகிற குதிரைகளைப் பார்த்த எனக்கு இது மட்டும் எப்போதும் சிரிப்பு வரும். இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் எங்கள் பக்கத்துக் குதிரையைப் பார்த்ததில்லை.) சரி, இதெல்லாம் இருவருக்கும் பொது. இதில் சண்டை ஒன்றும் இல்லை.

சண்டை எக்ஸ்பியில்தான். இந்தத் தொடரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. 1990-இல் வந்த முதல் ஆட்டத்திலேயே ஜேகன் என்று ஒரு வயதான குதிரைவீரர் இருப்பார். தொடக்கத்தில் எல்லோரையும்விடப் பலசாலி, ஆனால் வளரவே மாட்டார். அவரைக் கொண்டு எதிரியைக் கொன்றால் எக்ஸ்பி வீண், பின்னால் வளர வேண்டிய பிள்ளைகள் சோப்ளாங்கியாக நிற்பார்கள். அப்புறம் வந்த ஆட்டங்களிலும் அந்த இடத்துக்கு ஒருவரை வைத்துக்கொண்டே இருந்தார்கள். 2003-இல் வந்த ஆட்டத்தில் மார்கஸ் அப்படித்தான்: பலம் ஏற 30 சதவீதம், வேகம் 25, தற்காப்பு 15. அந்த வளர்ச்சியைப் பார்த்தால் பயப்படத்தான் தோன்றும்.

என் அத்தை மகனின் வாதம் இங்கேதான் நிற்கிறது. அவன் வீட்டில் பூண்டு விவசாயம், அதனால் உதாரணமும் அங்கிருந்தே வரும். "விதைப் பூண்டை எடுத்துக் குழம்பு வைக்கிறவன் அடுத்த வெள்ளாமைக்கு என்ன பண்ணுவான்?" என்றான். ஃபிரான்ஸுக்குப் போக வேண்டிய எக்ஸ்பியைச் சேத்துக்குக் கொடுப்பது அவன் கணக்கில் அதுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஜேகனுக்கும் மார்கஸுக்கும் ஓரளவு பொருந்தவும் செய்யும்.

சேத்துக்குப் பொருந்தாது. அவனுடைய வளர்ச்சி எண்களை எடுத்துப் பார்த்தால் தெரியும். பலம் 50 சதவீதம், வேகம் 45, தற்காப்பு 40, உயிர் 90. ஃபிரான்ஸுக்குப் பலம் 40, வேகம் 50, தற்காப்பு 25, உயிர் 80. திறமையிலும் மாயத் தடுப்பிலும்கூடச் சேத்தான் மேலே. ஃபிரான்ஸ் முந்துவது இரண்டே இடத்தில்: வேகத்தில் ஐந்து சதவீதம், அதிர்ஷ்டத்தில் பதினைந்து. கிழட்டுக் குதிரைவீரர் வேடத்தில் ஓர் இளைஞனை அனுப்பியிருக்கிறார்கள். பேரைப் பார்த்துப் பயந்தவர்கள் எண்ணைப் பார்க்கவில்லை.

இப்போது நான் விடாப்பிடியாக நிற்கிற இடத்துக்கு வருகிறேன். ஓர் ஆளை வளர்க்க என்ன செலவாகிறது, அந்தச் செலவுக்குப் பிறகு கையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

ஃபிரான்ஸை ப்ரமோட் செய்யக் குறைந்தது பத்தாவது லெவல் வேண்டும். அதற்கு ஒன்பது லெவல் ஏற வேண்டும். சராசரியாகப் போனால் என்ன ஆவான்? பலம் 7-இல் தொடங்கி, ஒன்பது லெவலில் மூன்றரை கூடி, 10 அல்லது 11. வேகம் 7-இலிருந்து 11 அல்லது 12. தற்காப்பு 6-இலிருந்து 8. அதற்கு மேல் நைட் கிரெஸ்ட் என்கிற ப்ரமோஷன் பொருள் ஒன்றைச் செலவழித்துப் பாலடின் ஆக்கினால் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு சேரும். ஆக, பலம் 12-க்குப் பக்கம், வேகம் 12 சொச்சம், தற்காப்பு 10.

சேத் ஆட்டம் தொடங்கிய நிமிடத்தில் என்ன வைத்திருந்தான்? பலம் 14, வேகம் 12, தற்காப்பு 11.

ஃபிரான்ஸுக்காகப் பல மேப் பொறுத்து, ஒவ்வொரு எதிரியையும் கொஞ்சமாக அடித்து, கடைசி அடியை அவனுக்கு விட்டு, கிரெஸ்ட்டையும் கொடுத்துக் கொண்டுவந்து நிறுத்துகிற இடம் இதுதான். சேத் கிளம்பிய இடத்துக்கு ஏறக்குறைய வந்திருப்பான், பலத்தில் இரண்டு குறைவாக. அதுவும் சராசரி. அதிர்ஷ்டம் சரியில்லை என்றால் பலம் 9-இலேயே நிற்கும் ஃபிரான்ஸும் உண்டு. அந்த இடைவெளியில் சேத் சும்மா நிற்கவில்லை, அவனும் லெவல் ஏறிக்கொண்டுதான் இருந்திருப்பான். ப்ரமோட் ஆனவனுக்கு எக்ஸ்பி சொற்பமாகத்தான் வரும், உண்மை. ஆனால் வருகிற ஒவ்வொரு லெவலும் நல்ல லெவல். பத்து லெவல் ஏறிய சேத்துக்குச் சராசரியில் பலம் 19, தற்காப்பு 15.

அந்த நைட் கிரெஸ்ட்டையும் மறக்க வேண்டாம். ஆட்டத்தில் அது கொட்டிக் கிடக்காது. சேத்துக்கு அது தேவையே இல்லை. அவனை முன்னால் வைத்தால் அந்தக் கிரெஸ்ட் பின்னால் வரும் கவலியர்களான கைல், ஃபோர்ட், இல்லை கில்லியம் என்று வேறொருவருக்கு மிஞ்சும்.

உடல்வாகும் இந்தச் செலவில் சேர்த்திதான். பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆயுதத்தின் எடை ஆளின் உடல்வாகைவிட அதிகமானால், எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம் குறையும். சேத்தின் உடல்வாகு 11, ஃபிரான்ஸுக்கு 9. எறியீட்டியின் எடை 11. சேத் அதைத் தூக்கினால் வேகம் 12 அப்படியே இருக்கும். ஃபிரான்ஸ் தூக்கினால் தொடக்கத்தில் 7-இலிருந்து 5 ஆகும். எஃகு ஈட்டி என்றால் எடை 13: சேத்துக்கு 10 மிஞ்சும், ஃபிரான்ஸுக்கு 3. வேக வித்தியாசம் நான்கு இருந்தால் எதிரி இரண்டு அடி அடிப்பான் என்பது விதி. ஆக, எஃகு ஈட்டி தூக்கிய ஃபிரான்ஸைச் சாதாரணக் கொள்ளைக்காரன்கூட இரண்டு முறை வெட்டலாம். அதனால் முதல் பாதி முழுக்க அவனை இரும்பு ஆயுதத்தோடுதான் ஓட்ட வேண்டும். அவன் பலம் குறைச்சல், ஆயுதமும் மெலிசு. அப்படியானால் ஒரு எதிரியை முடிக்க இரண்டு ஆள், மூன்று ஆள் என்று செலவாகும். அந்த டர்ன்கள் (சுற்றுகள்) எல்லாம் யார் கணக்கில்?

டர்ன் என்பது வெறும் பெருமைக்கு எண்ணுவதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் கொள்ளைக்காரர்கள் கிராமங்களை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள், நம் படையில் சேர வேண்டிய ராஸும் கார்சியாவும் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டிருப்பார்கள். தாமதித்தால் கிராமம் இடிந்துவிடும், உள்ளே கிடைக்கிற பொருளும் போச்சு. ஆறாம் அத்தியாயம் இன்னும் மோசம். மூடுபனி மேப், முன்னால் சில கட்டம் தாண்டி எதுவும் தெரியாது, அந்தப் பக்கம் பொதுமக்கள் மூன்று பேரை நோக்கிச் சிலந்திகள் போகும். மூவரையும் உயிரோடு காப்பாற்றினால் ஓரியன்ஸ் போல்ட் கிடைக்கும், வில்லாளியை ப்ரமோட் செய்ய அது வேண்டும். எட்டுக் கட்டம் நகர்ந்து, தனியாக நின்று, நாலு பக்கமும் அடி வாங்கியும் சாகாத ஒருவன் அங்கே தேவை. அந்த நேரத்தில் என் படையில் அப்படி ஒருவன்தான் இருந்தான். (ஏரிச்சாலையில் மேகம் இறங்கினால் எதிரே வருகிற சைக்கிளே தெரியாத ஊரில் இருந்துகொண்டு அந்த மேப்பை ஆடுவது தனிக் கொடுமை.)

ஃபிரான்ஸுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. தூக்கிச் செல்லும் வேலையில் அவன் கொஞ்சம் மேல். குதிரையில் இருக்கிற ஆணுக்கு 25-இலிருந்து உடல்வாகைக் கழித்தால் எவ்வளவோ அவ்வளவு கனம் வரை தூக்கலாம். சேத்துக்கு 14, ஃபிரான்ஸுக்கு 16. எய்ரிகாவின் உடல்வாகு 5-தான், அவளைத் தூக்க இருவரும் போதும். இந்த ஆட்டத்தில் குதிரைக்காரன் ஒருவரைத் தூக்கியபின்னும், இறக்கியபின்னும், பொருள் மாற்றியபின்னும் மிச்சக் கட்டம் நகரலாம், அடித்தபின் மட்டும் முடியாது. ஆக, ஃபிரான்ஸை முதல் சில மேப்பில் ஆம்புலன்ஸ் மாதிரி ஓட்டலாம், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். அப்புறம், மிச்சக் கவலியர்களோடு ஒப்பிட்டால் முன்கூட்டியே வருகிறவன் இவன்தான். எய்ரிகாவின் இரட்டைச் சகோதரன் எஃப்ரைம் பக்கம் வருகிற கைலும் ஃபோர்டும் ஐந்து, ஆறு லெவலோடு வருவதால் அவ்வளவு வளர்ப்பு வேண்டாம் என்பது வேறு விஷயம்.

இருவரையும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். வைத்துக்கொள்ளலாம். கேள்வி முன்னால் போவது யார் என்பதுதான். சேத்தை முன்னால் அனுப்பி இரண்டு எதிரியை முடிக்கவிட்டு, மூன்றாவதை ஃபிரான்ஸுக்கு மிச்சம் வைப்பது என் முறை. என் அத்தை மகன் செய்வது வேறு: சேத் கையிலிருந்து ஆயுதத்தையெல்லாம் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு வாசலில் நிறுத்தி, எதிரி அவனையே அடித்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஃபிரான்ஸும் பறக்கும் குதிரைக்காரி வெனெஸ்ஸாவும் முடிப்பார்கள். முறை வேலை செய்யும். பொறுமை இருக்கிறவனுக்குச் சரி. ஆனால் அதற்கும் சேத் வேண்டியிருக்கிறதே என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறான்.

எக்ஸ்பி தீர்ந்துவிடும் என்கிற பயமும் இந்த ஆட்டத்தில் முழுதாகப் பொருந்தாது. நடுவில் பூதங்கள் நிறைந்த வால்னி கோபுரம் திறந்துவிடும். உலக வரைபடத்திலும் பூதங்கள் வந்துகொண்டே இருக்கும். பின்தங்கியவனை அங்கே கூட்டிப்போய் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். நான் அந்தக் கோபுரத்தில் அதிகம் ஏறுகிறவன் இல்லை, சலிப்பு வந்துவிடும். ஏறுகிறவர்களுக்கு என் கணக்கில் பாதி தேவையே இல்லை, ஃபிரான்ஸ் அங்கேயே சேத்தைப் பிடித்துவிடுவான்.

ஹார்ட் மோடில் சேத்தை ஒதுக்கிவிட்டு ஃபிரான்ஸை மட்டும் நம்பி நான் ஆடியதில்லை, அதனால் அங்கே என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரி பலம் கூடும்போது தொடக்கத்தில் சேத் இன்னும் அதிகமாகத் தேவைப்படுவான் என்றுதான் தோன்றுகிறது. பதினைந்தாம் அத்தியாயத்துப் பாலைவனத்தில் மட்டும் சேத்தை வெளியே உட்கார வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே குதிரை மணலில் ஊர்ந்து போவதற்குள் பறக்கிறவர்களும் மந்திரவாதிகளும் வேலையை முடித்துவிடுவார்கள்.

இவ்வளவு சொன்னபிறகும் ஃபிரான்ஸைத்தான் வளர்ப்பேன் என்றால், பாலடின் ஆக்குங்கள். என் அத்தை மகன் கிரேட் நைட் (கவசம் போட்ட குதிரைவீரன்) ஆக்கி வைத்திருக்கிறான், கோடரியும் பிடிக்கலாமாம். நகர்வு ஏழிலிருந்து ஆறாக இறங்குகிறது, குதிரைக்கொல்லியோடு கவசம் உடைக்கும் ஆயுதமும் சேர்ந்து வலிக்கும். கோடரிதான் வேண்டும் என்றால் பின்னால் டூஸல் வருவார், கிரேட் நைட்டாகவே வருவார், கிரெஸ்ட்டும் கேட்க மாட்டார்.