பைலட் வகுப்புக்கு 4,500 ரூபா கொடுக்கலாமா?

ஏ.எல். சோதனை முடிந்த கையோடு மருமகனுக்குப் பைலட் ஆசை பிடித்துக்கொண்டது. பலாலி விமான நிலையத்துக்கு ஏடிஆர் விமானம் வருகிற சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையோடு முற்றத்துக்கு ஓடுகிற பெடியன். நான் 31 வருஷம் பஸ் ஓடியவன் என்பதால், ஓடுகிறதும் பறக்கிறதும் எல்லாம் எனக்குத் தெரியும் என்று அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. நல்லூர்ப் பக்கம் நடந்த ஒருநாள் விமானி வழிகாட்டல் வகுப்புக்கு என்னைத்தான் அவனோடு அனுப்பினாள்.

எட்டரைக்குத் தொடங்கும் என்றார்கள்; மைக் வேலை செய்தபோது ஒன்பதே கால். 'சிமுலேட்டர்' என்றது ஒரு மடிக்கணினியும் ஒரு கைபிடியும். ஆளுக்கு நாலு நிமிஷம். தோளில் நாலு பட்டி போட்ட சட்டையும் தொப்பியும் மாட்டிப் படம் எடுக்க மட்டும் அரை மணித்தியாலம் போனது. றோல்ஸ் நல்ல சூடு, குறை சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் வந்தது ஒரேயொரு இடத்தில். கப்டன் ஆக எத்தனை வருஷம் எடுக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டாள். "திறமை இருந்தால் அஞ்சு வருஷம்" என்று நடத்தியவர் சிரித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

லீவில் ஊருக்கு வந்த துணை விமானி ஒருவரும் பேச வந்திருந்தார். மேடையில் அவருக்குப் பத்து நிமிஷம்தான். தேத்தண்ணி நேரத்தில் பிடித்து, உண்மையைச் சொல்லும் தம்பி என்றேன். "திறமை சோதனையில தேறுறதுக்கு ஐயா. தேறின பிறகு வரிசை நம்பர்தான்" என்றார். பெரிய விமானக் கம்பனிகள் பலவற்றில், வேலைக்குச் சேர்ந்த திகதிதான் அந்த நம்பர். அமெரிக்காவில் இது இன்னும் கறார். எந்த விமானம், எந்த ஊர், எப்போது கப்டன், தீபாவளிக்கு லீவு உண்டா, எல்லாம் அதன்படிதான். ஆட்குறைப்பு வந்தால் வாலிலிருந்து வெட்டுவார்கள். 20 வருஷம் பறந்தவரும் கம்பனி மாறினால் பெரும்பாலும் கடைசி ஆள். வளைகுடாவிலும் இந்தியாவிலும் சிலவேளை வெளியிலிருந்து நேரே கப்டன்களை எடுப்பதும் உண்டாம். அப்போது உள்ளே காத்திருப்பவனின் முறை இன்னும் தள்ளிப்போகும்.

இதைக் கேட்டதும் எனக்கு டிப்போ ஞாபகம் வந்தது. இடம் மாறி வந்தபோது, 14 வருஷம் ஓடிய எனக்கும் விடிய நாலரை ஓட்டம்தான் விழுந்தது. ஆனால் அதே சேவை மூப்புதான் பிறகு என்னைக் காப்பாற்றியது. ரயர் தேய்ந்திருக்கிறது, எடுக்க மாட்டேன் என்று ஒருநாள் நின்றேன். மேலே இருந்தவர் முறைத்தார், ஆனால் என் ஓட்டத்தைப் பறிக்க அவரால் முடியவில்லை. மழைக்குள் இறக்க மாட்டேன் என்று திரும்பிப் போகிற கப்டனுக்கும் அந்தத் தைரியம் வேண்டாமா? ஆளைப் பிடித்து முன்னுக்கு வருகிற வழியை இந்த வரிசை அடைக்கிறது. அதனால் நான் இதற்கு எதிரியில்லை.

ஆனாலும் அடி விழுகிறபோது பலமாகத்தான் விழுகிறது. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 60இலிருந்து 65 ஆக்கினார்கள். மேலே இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். கீழே இருந்தவர்கள் அசையாமல் நின்றார்கள். யூஎஸ் எயார்வேய்ஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு விமானக் கம்பனிகள் 2005இல் ஒன்றாகச் சேர்ந்தபோது, இரண்டு பக்க விமானிகளின் வரிசைப் பட்டியலையும் எப்படிக் கலப்பது என்று சண்டை. 2007இல் வந்த நடுவர் தீர்ப்பில், வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்த 17 வருஷ விமானி, மற்றக் கம்பனியில் அண்மையில் சேர்ந்தவருக்கும் கீழே போனார். அந்தப் பிணக்கு வருஷக்கணக்காக இழுபட்டது.

கோடிக்கணக்கில் செலவழிக்கப் போகிற குடும்பங்களுக்கு இதைச் சொல்லாமல் தொப்பி மாட்டிப் படம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தத் தம்பிக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். இப்போது ஐந்துக்கு இரண்டரை. அதில் இரண்டு தேத்தண்ணி நேரத்துக்கு.

மருமகன் வரும் வழியெல்லாம், 23 வயதில் சேர்ந்தால் 65 வரை எத்தனை வருஷம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு வருஷம் பிந்தினால் எத்தனை பேர் முன்னுக்குப் போவார்கள் என்று என்னைக் கேட்டான்.

போகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டாம். தேத்தண்ணி நேரத்தை மட்டும் தவறவிட வேண்டாம்.