குட்டைக்கு நீர்ச்செடி ஆன்லைனில் வாங்குறீங்களா? 4,850 ரூபாய் போன கதையைப் படிச்சுட்டு வாங்குங்க

கொல்லையில் மீன் குட்டை வைத்திருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள். நீர்ச்செடி மட்டுமே விற்கும் ஒரு சமூக வலைதளப் பக்கம் (பேர் போடவில்லை) என்னிடம் 4,850 ரூபாயை வாங்கிக்கொண்டு கறிக்குப் போடும் கிழங்கையும் வாய்க்கால் பாசியையும் பெட்டியில் கட்டி அனுப்பியிருக்கிறது. எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கேட்டது இவ்வளவுதான்: மஞ்சள் தாமரைக் கிழங்கு 2, விலை 2,400. பகலில் பூக்கும் ஹைப்ரிட் அல்லி 4, அதற்கு 1,600. தண்ணீருக்கடியில் வளரும் வாலிஸ்நேரியா ஒரு கட்டு 500, கூரியர் 350. இடம் மன்னார்குடிப் பக்கம். குட்டை 12க்கு 8 அடி, ஆழம் 3 அடி, எட்டாயிரம் லிட்டர் சொச்சம் தண்ணீர். உள்ளே ரோகுவும் கட்லாவும். ஒரு ஓரத்தில் மட்டும் செடி வைத்து, மீன் கழிவால் சேரும் நைட்ரேட்டை எந்தச் செடி நன்றாக இழுக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

நம்பிக்கை வந்தது விலையால் இல்லை, அந்தப் பக்கத்தை நடத்தும் ஆள் கேட்ட கேள்வியால். "அண்ணே, ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா? மேட்டூர் மூடிட்டா என்ன பண்ணுவீங்க?" ஜனவரி 28 அணை மூடி ஜூன் 12 திறக்கிற கணக்கு, அந்த இடைவெளியில் டெல்டாவில் குட்டைக்கு போர் தண்ணீர்தான் கதி, அதில் இரும்பு இருந்தால் இலையில் காவி படியும் என்பதெல்லாம் தெரிந்தவன்தான் இப்படிக் கேட்பான். புல்கெண்டை கிடக்கிறதா என்றும் கேட்டான். கிடந்தால் தளிரை ஒன்றுவிடாமல் மேய்ந்துவிடும், சரியான கேள்வி. முளைமுனை உடையாத கிழங்கின் வீடியோவும் வந்தது. இத்தனை தெரிந்த ஆளுக்கு யூபிஐயில் முழுப்பணத்தையும் போட யாருக்குத்தான் கை கூசும்? 4,850 அப்படியே போனது.

பெட்டியைப் பிரித்தால், தாமரைக் கிழங்கு இரண்டுக்கும் இரண்டு முனையும் கத்தியால் வெட்டியிருக்கிறது. காய்கறிச் சந்தையில் கிலோ கணக்கில் கிடைக்கும் அதே கிழங்கு. நடுவதற்கு உள்ள கிழங்கில் இரண்டு கணுவும், கூராக நீண்ட ஒரு முளைமுனையும் முழுசாக இருக்க வேண்டும். முனை இல்லாமல் வெட்டுவாயைத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்றுக்குழாய்களில் தண்ணீர் ஏறும், கிழங்கு கறுத்துக் குழகுழவென்று அழுகும். அதை மீன் தண்ணீருக்குள் வைத்தால் சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும், அம்மோனியாவும் ஏறும். புதுச்செடி எதையும் முதலில் தனித் தொட்டியில் போடுவதுதான் இங்கே முறை என்பதால் மீன்கள் பிழைத்தன.

அல்லியில் ஒன்று குருத்தே அழுகி வந்தது. மற்ற மூன்றும் இலை விட்டதும் குட்டு உடைந்தது. ஓரமெல்லாம் பல், இலையின் அடியில் பூனைமயிர். நம்மூர் ஏரி குளத்தில் ராத்திரி பூத்து வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும் ஆம்பல்! ஆம்பல் மேல் குறை ஒன்றும் இல்லை, நைட்ரேட் இழுக்க அதுவும் நல்ல செடிதான். ஆனால் இறங்கிப் பறித்தால் சும்மா கிடைப்பதற்கு செடி ஒன்றுக்கு 400 ரூபாயா?

வாலிஸ்நேரியா என்று வந்தது வேலம்பாசி. நாடா மாதிரி நீளமான இலை அடியிலிருந்தே கிளம்பினால் வாலிஸ்நேரியா, தண்டு நெடுக வட்டம் வட்டமாகச் சின்ன இலை இருந்தால் வேலம்பாசி, குழம்ப இடமே இல்லை. வேலம்பாசி ஒரு துண்டு உடைந்தாலும் கணுவிலிருந்து தழையும். அதோடு சால்வீனியா என்கிற மிதக்கும் களை வேறு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வெயில் காலத்தில் சில நாளிலேயே இரட்டிப்பாகிற சனியன் அது. மேலே பாயாக மூடினால் அடியில் வெளிச்சம் போகாது, ராத்திரியில் செடியும் மீனும் ஒரே ஆக்சிஜனுக்குப் போட்டி போடும், விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

இதில் இலவசம் என்று பத்து "நீலத் தாமரை விதை". தாமரையில் நீலமே கிடையாது, நீலம் அல்லியில்தான். அல்லி விதை கடுகை விடச் சிறிசு. வந்ததோ கல் மாதிரி இருக்கிற சாதாரண தாமரை விதை.

கேட்டதற்கு வந்த பதில்கள்:

"கிழங்கு தூங்குதுண்ணே, பதினஞ்சு நாள் பொறுங்க."

"பிரிக்கிறப்ப வீடியோ எடுத்தீங்களா?" எடுத்தது அனுப்பியாகிவிட்டது. உடனே, "கூரியர்ல வெயில் பட்டிருக்கும்." வெயில் கத்தி வைத்து வெட்டுமா?

பிறகு "உங்க தண்ணி உப்புண்ணே." தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் காட்டியது 400 சொச்சம், தாமரைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. படம் எடுத்து அனுப்பியதும், அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடியாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் எண்ணை பிளாக் செய்துவிட்டான். 4,850 ரூபாய்!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், எழுத இப்போது பொறுமை இல்லை. முக்கியமானது மட்டும்:

முளைமுனைக்குப் பக்கத்தில் இன்றைய செய்தித்தாளை வைத்து வீடியோ கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். முழுப்பணம் முன்னால் போடாதீர்கள், பாதி போதும். பட்டியலில் நீலத் தாமரை, கறுப்புத் தாமரை விதை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வந்த செடியை வெளிர் ரோஸ் நிறப் பெர்மாங்கனேட் தண்ணீரில் 10 நிமிடம் முக்கி அலசி, இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துவிட்டு அப்புறம் குட்டையில் இறக்குங்கள். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், ஆறப்போட்டால் பணம் கைமாறிவிடும்.

அந்தப் பக்கத்தில் அதே கிழங்கு வீடியோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விலையை மட்டும் ஏற்றியிருக்கிறான்.