“இப்ப முடி நட வேண்டாம்” என்ற ஜெயநகர் டாக்டர்

பெங்களூரில் ஹேர் டிரான்ஸ்பிளான்ட்டுக்கு இடம் தேடும் இளவட்டங்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு 27 வயது. நெற்றி இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. ஜெயநகரில் ஒரு சின்ன தோல் கிளினிக்கில் ஆலோசனைக்குப் போனேன். கட்டணம் 800 ரூபாய், தாராளமாகக் கொடுக்கலாம்.

டாக்டரம்மா என் தலையைத் தொடும் முன்பே அப்பாவின் போட்டோவைக் கேட்டார், அப்புறம் தாய்மாமாவுடையதை. அல்சூர் மாமாவுக்குக் காதுக்கு மேலேயும் பிடரியிலும் மட்டும்தான் முடி. அந்தப் படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒரு குட்டி கேமராவை என் உச்சியில் வைத்துத் திரையில் காட்டினார். கண்ணாடியில் அடர்த்தியாகத் தெரிகிற இடம்தான். ஆனால் தடித்த முடிகளுக்கு நடுவே பூனைமுடியாக மெலிந்தவை ஏகப்பட்டது. “இதெல்லாம் கிளம்பத் தயாரா நிக்குதுப்பா” என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இது. பின்னந்தலையிலிருந்து எடுத்து நடும் முடி பெரும்பாலும் நிலைக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் நம் சொந்த முடி கொட்டுவதை நடவு நிறுத்தாது. இன்றைக்கு ஆசைப்பட்டு நெற்றியை இறக்கி நட்டால், நாற்பது வயதில் முன்னால் ஒரு பட்டை முடி, அதன் பின்னால் பொட்டல். உச்சிச் சுழியில் நட்டால் இன்னும் மோசம். சுற்றிலும் கொட்டி நடுவில் தீவு மாதிரி நிற்கும். எடுத்த வேர் பிடரியில் மறுபடி முளைக்காது. பலருக்கு ஆயுளுக்கும் சேர்த்தே சுமார் 6,000 கிராஃப்ட்தான் (வேரோடு எடுக்கும் சின்ன முடிக்கொத்து) பாதுகாப்பாக எடுக்க முடியுமாம். என் மாமா மாதிரி நார்வுட் 7-ஆம் நிலைக்கு, அதாவது வழுக்கை அளவுகோலின் கடைசிப் படிக்குப் போகும் தலையை நிரப்ப அது போதாது. அதனால் முன்பக்கத்துக்கு முதல் உரிமை, உச்சிக்குக் கடைசி.

இந்திராநகரில் ஒரு பெரிய இடத்தில் போட்டோவே கேட்காமல் ஒரே தடவையில் 3,500 கிராஃப்ட் என்று விலை பேசினார்கள். ஜெயநகர் டாக்டரம்மாவோ ஸ்கேல் வைத்து, புருவ மத்தியிலிருந்து 8 சென்டிமீட்டர் மேலே பென்சிலால் கோடு போட்டு, “ஐம்பது வயசு முகத்துக்கும் இது பொருந்தும், இதுக்குக் கீழே நான் நட மாட்டேன்” என்றார். அந்தக் கறார்தான் எனக்குப் பிடித்தது.

இப்போதைக்கு ஒரு வருஷம் ஃபினாஸ்டரைடு மாத்திரை, மினாக்ஸிடில். இரண்டுமே முடி கொட்டுவதைக் குறைக்கும் மருந்துகள். ஃபினாஸ்டரைடால் சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம் என்பதையும், நட்ட பிறகும் மாத்திரையைத் தொடர வேண்டும், நிறுத்தினால் அது காப்பாற்றி வைத்த முடி போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு பார்த்து முடிவெடுக்கலாம்.

குறை ஒன்று உண்டு. டாக்டர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியும், வரவேற்பில் இஎம்ஐ தாளை நீட்டுகிறார்கள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது, டாக்டர் இதைத் தடுக்க வேண்டும். சனிக்கிழமை கூட்டம் தாங்காது. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.